நாற்பத்தொரு பேர்

இந்த மாதம் மூன்று புத்தகம், டெல்ஃபின்.
ஒன்றை முடித்தேன்.
ஒன்றை மான் தின்றது.
மற்றது தலைமாட்டில் குப்புறக் கிடக்கிறது,
அதன் முதுகில் நுளம்புத்திரி.

மான் கதையை மெல்பேர்னில் யாரும் நம்பமாட்டார்கள்.
நீ நம்புவாய்.
பஸ் நிலையத்து வாங்கில் புத்தகத்தை வைத்துவிட்டுப்
பிளேன்ரீக்குச் சில்லறை எண்ணிய நேரம்
கொம்பு முளைத்த ஒன்று வந்து
அவசரமே இல்லாமல்
நூற்றுப் பதினேழாம் பக்கத்தை உருவி மென்றது.
அந்தத் தாளில்தான் அவள் கணவனிடம்
எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.
நூற்றுப் பத்தொன்பதில் அவன்
சோற்றுக்கு முன் இருக்கிறான், உப்புக் கேட்கிறான்.
என்னதான் சொன்னாளோ.

நூலகத்தில் தண்டப் படிவம் தந்தார்கள்.
காரணம் என்ற கட்டத்தில் ‘மான்’ என்று எழுதினேன்.
கவுண்டரில் இருந்தவள் நிமிரக்கூட இல்லை.

வேலை அதேதான்.
சீனன்குடா மா ஆலை, இரவு முறை.
கப்பலில் வந்த கோதுமையின் ஈரம் அளக்கிறேன்.
ஒரு மாதிரிக்கும் அடுத்ததுக்கும் இடையில் இருபது நிமிடம்.
அதற்குள்
ஒரு காதில் வயரும் மறுகாதில் ஆலையுமாக
யாரும் கேட்காத பாட்டுக்காரரைத் தேடித் திரிகிறேன்.

பனி விழும் ஏதோ துறைமுகத்தில் நாலு பேர்.
குழுவின் பெயரில் என் வாய்க்கு வராத எழுத்து இரண்டு.
பாட்டின் கீழே சின்னதாக ஓர் எண்:
கேட்பவர் நாற்பத்தொரு பேர்.
ஒன்று நான்.
போன கிழமை நாற்பத்திரண்டாகிவிட்டது,
எனக்குப் பொறுக்கவில்லை.
பிறகு பார்த்தால் நிஃப்ராஸ்,
பொதி கட்டும் பகுதியில் இருப்பவன்,
நான் முணுமுணுத்ததைக் கேட்டுத் தேடிப் பிடித்திருக்கிறான்.

பதிலுக்கு அவன் தந்தது ‘கூனிக் கருவாடு’.
மூதூரில் இரண்டு மச்சான்மார்,
மேல் ஸ்வரம் செத்துப்போன கீபோர்ட் ஒன்று.
ஒரு பாட்டு முழுக்க பஸ் நிற்கும் இடங்கள் மட்டும்.
கிளிவெட்டியில் ஒரு மூச்சு விடுகிறான் பார்,
யாரோ இறங்கிப்போன மாதிரி.

இவ்வளவும் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன்.
ஆனால் சனிக்கிழமை
பாலையூற்றில் ஷெரினின் கலியாணம்.
பிரியாணிக்குப் பிறகு
வெல்டிங் கடை மெல்றோய் கையைத் துடைத்துவிட்டு
வயலினை எடுத்தார்.
ஒருவர் மேளம். ஒருவர் மண்டலின்.
செருப்பைக் கழற்றிவிட்டுக் கிழவிகள் எழும்பினார்கள்.
கப்ரிஞ்ஞா என்றார்கள்.
அந்த மொழியில் எனக்கு ஒரு சொல் தெரியாது.
அந்தக் குழுவுக்குப் பெயர் இல்லை,
கீழே எண்ணும் இல்லை.
என் வீட்டிலிருந்து சைக்கிளில் பன்னிரண்டு நிமிடம்.

மெல்றோய் உன் சித்தப்பாவாமே.

பதினொரு வருடம் ஒரே வாங்கில் இருந்தோம்.
உன் சாப்பாட்டுப் பெட்டி என்ன மணக்கும் என்றுகூடத் தெரியும்.
இதை நீ சொல்லவில்லை.
கோபத்தோடு இந்த வரியை எழுதிவிட்டு
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.
நான் கேட்டேனா?
பள்ளிக்கூடத்தில் உன் வீட்டுப் பேச்சை
நாங்கள் எப்படிப் பகிடி பண்ணினோம் என்பது
இப்போது ஞாபகம் வருகிறது.
நானும்தான்.

போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.
நடுவில் ஒரு பிள்ளை அழுகிறது, ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடிக்கிறது.
நேற்றிரவு ஆறு தடவை கேட்டதில்
ஈரத்தை எடை எழுதும் நிரலில் எழுதிவிட்டேன்.

மூன்றாவது பாட்டில் ஒரு சொல்
திரும்பத் திரும்ப வருகிறது.
மெல்றோயைக் கேட்டேன்.
அவருக்கும் தெரியாதாம், வாய்க்கு வருகுதாம், பாடுகிறாராம்.
உனக்குத் தெரிந்தால் எழுது.
தெரியாவிட்டால் பரவாயில்லை,
மானைக் கேட்டுப் பார்க்கிறேன்.

மணி அடிக்கிறது.
அடுத்த மாதிரி.